உள்ளங்கைச் சாப்பாடு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துச் சமையலறையில் எல்லாருக்கும் அவள் பம்பரம். வயதில் சிறியவர்களுக்குப் பம்பரம் அக்கா. இந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டுவார்கள். ஆனால் பெயர் பொருந்தாது என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. நாற்பத்தேழு வயதில் காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மாதிரி ஓடுவாள். காலை ஆறு மணிக்கு உள்ளே நுழைந்தால் மூன்று மணிக்கு வெளியேறும்வரை அவள் முதுகு எதிலும் சாய்ந்து பார்த்தவர் கிடையாது.

"ஒரு நிமிஷம் உட்காருங்க அக்கா" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும்.

"நான் உட்கார்ந்தா கிச்சனே உட்கார்ந்துடும்" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அடுப்புக்குப் போயிருப்பாள்.

அது சாதாரணச் சமையலறை இல்லை. மதியம் முந்நூற்றெண்பது தட்டுகள் மேலே போக வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு வண்ண அட்டை. மஞ்சள் என்றால் உப்புக் குறைவு. சிவப்பு என்றால் சர்க்கரை நோய்க்காரர். நீலம் என்றால் மெல்ல முடியாதவர், குழைவாக வேண்டும். ரத்தம் குறைந்தவர்களுக்கு ஆரஞ்சு. எந்த நோயும் எதையும் தடுக்கவில்லை என்றால் பச்சை. பச்சை அட்டை வந்தால் பரிமாறுகிறவர்களுக்கே ஒரு சந்தோஷம். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறோ ரொட்டியோ, மீதிக் கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ என்று கணக்கு. அந்தக் கணக்கைப் பம்பரம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அரைக்கரண்டி என்றால் அரைக்கரண்டிதான். கரண்டியின் விளிம்பில் குவியல் தெரிந்தால் தட்டித் தள்ளிவிடுவாள். ஆரஞ்சுத் தட்டில் யாராவது பழக்கதோஷத்தில் டீ டம்ளரை வைத்துவிட்டால் அன்றைக்கு அவர்கள் செத்தார்கள்.

"அட்டையைப் படிக்கத் தெரியாதா? சாப்பாட்டோட டீ கிடையாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. கண்ணு எங்க இருக்கு?"

இப்படித் திட்டிக்கொண்டே, அடுப்பு மேடையின் ஓரத்தில் இருக்கும் தன் டீயை எடுத்து ஒரு வாய் குடித்துக்கொள்வாள். ஒரு நாளைக்கு ஏழு டீ. அதுதான் அவள் எரிபொருள். சாப்பாடா? பதினோரு பாத்திரத்திலும் கரண்டி விட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, நாக்கில் வைத்துப் பார்ப்பாள். உப்பு, புளிப்பு, பதம் எல்லாம் சொல்லிவிடுவாள். பதினோரு பாத்திரம் பார்த்து முடித்ததும் வயிற்றைத் தடவிக்கொண்டு, "எனக்கு ஆச்சு" என்பாள். மற்றவர்களும் நம்பினார்கள். அவளும் நம்பினாள், அதுதான் வேடிக்கை.

ஒரு நாள் பதினொன்றரை மணிக்கு, சூப் அண்டாவுக்குப் பக்கத்தில், முழங்கால் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கின. கரண்டி விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. பக்கத்து அடுப்பிலிருந்த கண்ணாடிக்காரி பாய்ந்து வந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அண்டாவின் மேலேயே சாய்ந்திருப்பாள். கண்ணாடிக்காரி என்பவள் அவளுக்கு அடுத்த இடத்துச் சமையல்காரி. ஆவியில் கண்ணாடி மங்கி மங்கி, எப்போதும் மூக்கின் நுனியில் அதை இறக்கிவிட்டுக்கொண்டு மேலாகப் பார்ப்பாள். அன்றைக்கு அந்த மேல் பார்வைதான் காப்பாற்றியது.

பணியாளர்களைப் பார்க்கும் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு புள்ளி ஒன்று இருந்தது. வேறு எங்காவது ரத்தம் போகிறதா என்று சோதனைமேல் சோதனை வைத்தார். எங்கும் போகவில்லை. இரும்புச் சத்துதான் அடிமட்டத்தில் இருந்தது.

"ரெண்டு மாசம் மாத்திரை எழுதறேன். பதினொண்ணைத் தொடாம அடுப்புப் பக்கம் போகக் கூடாது. கொதிக்கிற அண்டாவுல விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தொடலைன்னா?" என்று கேட்டாள்.

"அப்புறம் ஸ்டோர் வேலைதான் நிரந்தரம். உட்கார்ந்து பார்க்கிற வேலை. நல்லதுதானே?"

நல்லதாம். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அடுப்பிலிருந்து இறக்குவதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். உட்கார வைப்பதை எப்படிப் பொறுப்பது?

ஸ்டோர் என்பது சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னல் இல்லாத நீள அறை. அரிசி மூட்டைகள், பருப்பு டின்கள், எண்ணெய்ப் பீப்பாய்கள், நடுவில் ஒரு இரும்பு நாற்காலி. நான்கு காலில் ஒரு கால் கட்டை. உட்கார்ந்தால் இப்படி ஒரு தடவை அப்படி ஒரு தடவை ஆடும். அவளுக்கோ உட்கார்ந்த அரைமணியில் கால்களுக்குள் எறும்பு ஊருகிற மாதிரி, யாரோ உள்ளேயிருந்து இழுக்கிற மாதிரி இருக்கும். அசைத்தால்தான் அடங்கும். ஆகவே அவளும் ஆடினாள், நாற்காலியும் ஆடியது. மூட்டை இறக்க வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, "அக்கா, தொட்டில் கட்டித் தரட்டுமா?" என்று கேலி செய்துவிட்டுப் போனார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. அண்டா மூடி கீழே வைக்கப்படும் சத்தம். கரண்டி விளிம்பில் தட்டும் சத்தம். இரண்டு தட்டு தட்ட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் கேட்டது. அவள் எழுந்து வாசல்வரை போவாள். அடுப்பு வரிசைக்கு முன்னால் தரையில் போட்டிருக்கும் கோட்டை அவள் தாண்டக் கூடாது. திரும்பி வருவாள். மறுபடி எழுவாள். பருப்பு டின்களை எண்ணுவாள், எண்ணியதையே எண்ணுவாள். கை தானாக அரிசி மூட்டைக்குள் போகும். நாலு அரிசியை வாயில் போட்டு நறநறவென்று மெல்லுவாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அரிசி மென்றால் மனம் கொஞ்சம் நிற்கும், அவ்வளவுதான்.

உண்மையில் அவளை அரித்தது அந்தச் சத்தங்கள்கூட இல்லை. முந்நூற்றெண்பது தட்டும் நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் இல்லாமல். ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. முதல் வாரம், தன் இடத்தில் நிற்கும் கண்ணாடிக்காரி எங்காவது கோட்டை விடுவாள் என்று எதிர்பார்த்தாள். இரண்டாவது வாரம், விட்டால் தேவலை என்று வேண்டிக்கொண்டாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

வீட்டில் அவள் கணவர் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். நிதானமான மனிதர். ஒரு பொத்தான் காஜாவுக்குப் பத்து நிமிஷம் எடுப்பார். ஒரு வாய்ச் சாப்பாட்டுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு நாள் சாயங்காலம் அவள் அவருக்குத் தட்டு வைத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடியே ஒரு ரொட்டித் துண்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். மாத்திரையையும் அதே டீயில் விழுங்கினாள். எதை விழுங்கினாலும் டீயில் விழுங்குவதுதான் வழக்கம்.

"நீ உட்கார்ந்து சாப்பிட்டு நான் எப்போ பார்த்தேன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் அவர்.

"யோசிச்சு முடிச்சாச்சா?"

"இன்னும் ஞாபகம் வரல."

"வேலை மெனக்கெட்டு யோசிக்கிறாரு பாரு. கிச்சன் ஆவியிலேயே வயிறு நிறைஞ்சு போகுது எனக்கு" என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

ஒரு மாதம் முடிந்து ரத்தம் பார்த்தார்கள். எட்டு புள்ளி நான்கு. பதினொன்று எங்கே, இது எங்கே! ஒரு வேளைகூடத் தவறாமல் போட்ட மாத்திரை. அவளுக்கு வந்த கோபத்தில் டாக்டர் அறையின் கதவு அதிர்ந்தது. "மாத்திரையில சத்தே இல்ல, சுண்ணாம்பை உருட்டிக் கொடுத்திருக்காங்க" என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வந்தாள். எதிரே வந்து மாட்டிக்கொண்டவர் உணவு அதிகாரி. எல்லாரும் டயட் மேடம் என்பார்கள். அவள் வயதில் பாதிதான்; ஆனால் வாரம் முழுவதற்குமான உணவுப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர்.

"மூணு நாளைக்கு நீங்க சாப்பிட்டதை எல்லாம் எழுதிக் கொண்டுவாங்க அக்கா" என்றார் அவர். "ஒண்ணு விடாம."

அவள் ஒன்று விடாமல் எழுதினாள். தாள் நிறைந்து வழிந்தது. நான்காம் நாள் டயட் மேடம் ஸ்டோருக்கே வந்து, மூட்டையின் மேல் உட்கார்ந்து படித்தார். கீரை, பருப்பு, அவித்த முட்டை, மீன், காரட் சூப், பழத்துண்டு. படிக்கப் படிக்க அவர் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது.

"அக்கா, இது திங்கட்கிழமை மெனு."

"ஆமா."

"இது செவ்வாய். இது புதன். நான்தான் கையெழுத்து போட்டேன். இதை முந்நூத்தியெண்பது பேர் சாப்பிட்டாங்க. நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"இதைத்தான் சாப்பிட்டேன்! இங்க உட்கார வச்சாலும், தட்டு கட்டற மேசையில போய் எல்லாத்தையும் ருசி பார்த்துட்டுத்தான் வரேன். மேலாளரைக் கேளுங்க. அடுப்புப் பக்கம்தான் போகக் கூடாது, ருசி பார்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

பொய் சொன்னாள் என்று நினைக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷமாக நாக்கில் பட்டதையெல்லாம் அவள் வயிற்றில் வரவு வைத்துக்கொண்டு வந்தாள். சமையல்காரர்களுக்கென்றே உள்ள மயக்கம் இது. தையல்காரர் தைத்த சட்டையெல்லாம் தன்னுடையது என்று நினைக்க மாட்டார்.

டயட் மேடம் வாதாடவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு அவளை, கோட்டுக்கு இந்தப் பக்கம் பரிமாறித் தட்டு கட்டும் மேசைக்குக் கூட்டிப்போனார். பதினோரு பாத்திரமும் அங்கே வந்து இறங்கியிருந்தன. "வழக்கம்போல ருசி பாருங்க. ஆனா வாயில வைக்காம, உள்ளங்கையில விட்டதை இந்த டம்ளர்ல விடுங்க."

அவளுக்கு இது விளையாட்டாக இருந்தது. சூப்பிலிருந்து ஆரம்பித்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு, டம்ளருக்குள் கவிழ்த்தாள். பருப்பு, கவிழ்த்தாள். கீரை, ஒரு இலை அளவு. முட்டையில் நகக்கண் அளவு. மீனில் ஒரு இதழ். கண்ணாடிக்காரியும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்த்தாள். பதினொன்றாவது பாத்திரமும் முடிந்தது.

டம்ளரின் அடியில் பழுப்பாக ஏதோ அரை விரல் உயரத்துக்குக் கிடந்தது.

பம்பரமே தன்னுடைய அளவுக் கரண்டியை எடுத்து, டம்ளரை அதில் கவிழ்த்தாள். அரைக்கரண்டி நிறையவில்லை. முந்நூற்றெண்பது பேருக்கு ஒரு பருக்கை கூடாமல் குறையாமல் அளந்த கரண்டி அது. கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி அவள் முகம் சுருங்கிப்போனது.

"மாத்திரையை எதோட போடறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார் டயட் மேடம்.

"டீயோட…" என்று சொல்ல ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள்.

எதிரே, மேசையில் வரிசையாக நின்ற தட்டுகளில் நான்கில் ஆரஞ்சு அட்டை. கொட்டை எழுத்து. சாப்பாட்டுடன் தேநீர் இல்லை. ஆயிரம் தடவை வாய்விட்டுப் படித்து, ஆயிரம் பேரைத் திட்டிய வரி. அதை அவள் தட்டுக்கு உள்ள சட்டம் என்றே நினைத்திருந்தாள். உடம்புக்கு உள்ளது என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

"டீ இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும் அக்கா. உடம்புக்கு விடாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரமாவது தள்ளி வைங்க. மாத்திரையை எலுமிச்சை பிழிஞ்ச தண்ணியோட போடுங்க, நல்லாப் பிடிக்கும்." பிறகு அவள் புடவை மடிப்பில் ஒட்டியிருந்த இரண்டு அரிசியைச் சுட்டிக்காட்டினார். "இந்தப் பச்சை அரிசி மெல்லத் தோணுறதும் இரும்பு குறைஞ்சதாலதான். உட்கார்ந்தா கால் நிக்க மாட்டேங்குதே, அதுவும் அதனால இருக்கலாம்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரிசி போகட்டும். கால்? பம்பரம் என்று பெயர் வாங்கித் தந்த கால். 'உன்னை மாதிரி சுறுசுறுப்பு யாருக்கு வரும்' என்று மேலாளர் மேடையேற்றிச் சொன்ன சுறுசுறுப்பு. அது முழுக்கத் தன்னுடையதா, இல்லை ரத்தத்தில் இல்லாமல் போன ஏதோ ஒன்று அவளை ஓட ஓட விரட்டியதா? அப்படியானால் நிஜத்தில் அவள் யார்? அன்று மதியம் முழுக்க ஸ்டோரில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். நடக்கும்போதே, இப்போது நடப்பது யார் என்ற சந்தேகமும் கூடவே நடந்தது.

மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு ஸ்டோர் வாசலில் ஒரு தட்டு வந்து நின்றது. ஆரஞ்சு அட்டை. அதில் எழுதியிருந்த பெயரைப் பார்த்து, "இது யாருக்கு? வார்டு மாறி வந்துடுச்சு" என்று திருப்பி அனுப்பப் பார்த்தாள். தட்டைக் கொண்டுவந்தவர் சிரித்தார். அப்புறம்தான் உறைத்தது. பதிவேட்டில் மட்டும் இருக்கும் அவளுடைய பெயர்.

தட்டில் பாதி கீரையும் காயும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனும் பருப்பும், ஓரத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு, ஆரஞ்சுச் சுளை நான்கு. டீ இல்லை. உட்கார்ந்து சாப்பிட வேண்டும், இருபது நிமிஷமாவது ஆக வேண்டும் என்று டயட் மேடம் அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்தார்.

இருபது நிமிஷம்! முள்ளின்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. முதல் நாள் ஏழு நிமிஷத்தில் வாரிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். இரண்டாம் நாள், நாற்காலி ஆடிப் பருப்பு மடியில் கொட்டியது. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது; பாதி வாயோடு எழுந்து ஓடி, கோட்டில் நின்று பார்த்துவிட்டு வந்து, ஆறிப்போனதைச் சாப்பிட்டாள். டீ ஏழிலிருந்து இரண்டானது. அந்த ஒரு வாரம் தலைவலியில் கண்ணில் பட்டவர்மேல் எல்லாம் எரிந்து விழுந்தாள். வீட்டிலும் தட்டு போட்டு உட்கார்ந்தாள். அவள் பத்து வாய் சாப்பிட்டபோது அவர் மூன்றாவது வாயில் இருந்தார்.

"இப்ப ஞாபகம் வந்துடுச்சு" என்றார்.

"எது?"

"நீ உட்கார்ந்து சாப்பிட்டது. நேத்து."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்க அவர் தட்டில் இன்னொரு கரண்டி கீரையை வைத்தாள்.

இரண்டாவது மாதம் முடிந்த அன்று டாக்டர் சீட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பத்து புள்ளி ஒன்பது.

"பிரமாதம்!" என்றார். "ஒரே மாசத்துல எங்கேயிருந்து எங்க வந்துட்டீங்க. இன்னும் ரெண்டு வாரம் இப்படியே இருந்தா தாண்டிடும்."

"பத்து புள்ளி ஒன்பதுன்னா… பதினொண்ணு மாதிரிதானே டாக்டர்?"

"நீங்க அரைக்கரண்டியை எப்படி அளப்பீங்க?"

அவர் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அந்த ஒரு புள்ளியை விட்டுத் தந்திருக்க மாட்டாள். இன்னும் இரண்டு வாரம். அடுப்பு கிடைக்குமா, அதற்குள் மறுபடி இறங்கிவிடுமா, கண்ணாடிக்காரியையே நிரந்தரமாக்கி விடுவார்களா என்று படிக்குப் படி ஒரு பயத்தோடு கீழே இறங்கினாள்.

சமையலறை வாசலில், கோட்டுக்கு இந்தப் பக்கம், நின்றாள். மணி ஒன்றரை. தட்டுகள் மேலே போய்விட்டன. கண்ணாடிக்காரி சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஒரு கையில் டீ, இன்னொரு கையின் உள்ளங்கையை நக்கிக்கொண்டு நின்றாள். மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடிக்கு மேலே தெரிந்த அந்தக் கண்களுக்குக் கீழே கருவளையம். கீழ் இமை வெளுத்துக் கிடந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் பம்பரம் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்த அதே வெளுப்பு.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் பம்பரம்.

"எனக்கு ஆச்சு அக்கா. பதினோரு பாத்திரம் பார்த்ததுலயே வயிறு நிறைஞ்சு போச்சு. ரிசல்ட் என்ன ஆச்சு?"

"டம்ளர்ல ஊத்தினப்ப நீயும்தானே பார்த்துக்கிட்டு நின்னே?"

"அது உங்களுக்கு அக்கா. எனக்கென்ன? நான் இப்ப உட்கார்ந்தா யாரு பார்க்கிறது? கிச்சனே…" என்று இழுத்தாள்.

பம்பரத்துக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இவள் எங்காவது கோட்டை விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டோமே, விட்டால் சூப் அண்டாவில் அல்லவா போய் விழுவாள்! அன்று இடுப்பைப் பிடித்து இழுத்த கை இது. இவள் விழுந்தால் பிடிக்கப் பக்கத்து அடுப்பில் யார் இருக்கிறார்கள்?

ஸ்டோருக்குத் திரும்பிப் போனாள். இரும்பு நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தாள். தட்டு கட்டும் மேசையருகே போட்டு, கட்டைக் காலுக்கு அடியில் மடித்த அட்டை ஒன்றைச் செருகினாள். ஆட்டம் நின்றது. ஒரு ஆரஞ்சு அட்டையை எடுத்து, அதில் கண்ணாடிக்காரியின் பெயரை, பதிவேட்டில் மட்டும் இருக்கும் அந்தப் பெயரை, எழுதினாள்.

"நாளைக்குக் காலையில போய் ரத்தம் கொடுத்துட்டு வா. இப்ப உட்காரு."

"அக்கா, அடுப்புல பால்…"

"உட்காருடி. அந்த டீயைக் கீழ வை."

பாலைப் பார்த்துக்கொள்ளப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு தட்டு போட்டாள். தானும் ஒரு பருப்பு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். சமையலறை உட்கார்ந்துவிடவில்லை. பால் பொங்குவதற்குள் யாரோ இறக்கினார்கள். யாரோ தரையைக் கழுவினார்கள். அவள் சொல்லாமலே எல்லாம் நடந்தது. அது வலித்தது; இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் கீரை சூடாக இருந்தது.

கண்ணாடிக்காரி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"அக்கா… உங்க கால் ஆடவே இல்ல."

"சாப்பிடு" என்றாள் அவள். "ஆறிடப் போகுது."